மலைநாட்டில் ஒலித்த ஒரு திரைப்பாடல்

திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஓராண்டு ஒலித்து மறு ஆண்டு மறக்கப்படும் இயல்பின. 1965ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்திலுள்ள ‘அதோ அந்தப் பறவை போல’ என்னும் பாடல் இதற்கு விலக்காயிற்று. கண்ணதாசன் இயற்றி, விசுவநாதன் – இராமமூர்த்தி இரட்டையர் இசையமைத்து, டி. எம். சௌந்தரராஜன் குழுவினரோடு பாடிய பாடல் அது. 2010இல் அதே பெயருடன் வந்த வேறொரு படமும் அதனைப் புதுமெருகுடன் எடுத்தாண்டது.

தீவொன்றில் அடிமைகளாய் விற்கப்பட்டோர் கப்பலேறிக் கடலிற் செல்லுங்கால் விடுதலை வேட்கையுடன் பாடுவதாக அமைந்தது இப்பாடல். தலைவனாக நடித்த எம். ஜி. இராமச்சந்திரன் 1917இல் பிறந்த இடம், கண்டியிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் வழியிலுள்ள நாவலப்பிட்டி என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மலைநாட்டார் அவரைத் தம்மவராகக் கொண்டாடியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1952 முதல் அகில இந்திய வானொலி திரையிசைக்குத் தடைபோட்டபோது, அவ்விடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நிரப்பியது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் அதன் தமிழ் ஒலிபரப்பு கேட்கப்பட்டது. சென்னையில் உருவான பாடல் கொழும்பிலிருந்து ஒலித்து மீண்டும் தமிழகத்துக்கே சென்று சேர்ந்தது ஒரு விந்தையே! அவ்வொலி நுவரெலியா, ஹற்றன் மலைச்சரிவுகளின் லயங்களையும் எட்டியது.

ஆயின் அங்கு இப்பாடலைக் கேட்டவர்கள் எந்நிலையினர்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். படம் வெளிவருவதற்கு ஏறத்தாழ எட்டுத் திங்கள் முன்னர், 1964 அக்டோபர் 30ஆம் நாள், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் ஆராய்வதற்கென ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் அவர்களும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பத்தை முன்கூட்டி எவரும் கேட்டிலர்.

படத்தை ஆக்கியோர் இம்மக்களை மனத்திற் கொண்டனர் என்று கூறுதற்குச் சான்றில்லை. அவ்வாறு கூறுவது மிகையுமாகும். எனினும் ஒரு பாடலின் பொருளை இயற்றியவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கேட்போரது வாழ்வும் அதனைத் தீர்மானிக்கின்றது. திரையிற் கப்பல் விடுதலையின் சின்னம். கொழுந்து பறித்தவர்க்கோ, பிறந்த மண்ணிலிருந்து பிரித்துச் செல்வதும் கப்பலே. பாட்டன் விட்டுவந்த ஊரைப் பேரன் கண்டதுமில்லை.

ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டம் 1967இல் இயற்றப்பட்ட பின்னர் பயணங்கள் பெருகின. மலையிலிருந்து இறங்கித் தலைமன்னார்த் துறைமுகத்துக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. சென்றவரும் நின்றவரும் நிலையத்து மேடையிற் கட்டியழுத காட்சியே அப்பெயரைத் தந்தது. ஹற்றனில் ஏறியோரைச் சுமந்த வண்டி, திரையில் விடுதலை பாடிய நடிகர் பிறந்த நாவலப்பிட்டியைக் கடந்தே கீழிறங்கிற்று. தலைமன்னாரில் அவர்கள் இராமேசுவரம் செல்லும் கப்பலேறினர்.

1984இல் அக்கப்பற் போக்குவரத்து நின்றது. செல்லாது எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் இலங்கைக் குடியுரிமையை வழங்கியபோது, அப்பாடலுக்கு வயது முப்பத்தெட்டு.