வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட்: 3 நாளில் கிடைத்தது எது?

ஈப்போ உணவகமோ, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பேராக் தோட்டமோ, வெளிநாட்டு ஆள் வேணும்னா முதலாளிதான் விண்ணப்பிக்கணும்.

முதல் படி, ஆள்பலத் துறையின் ஒப்புதலோடு கோட்டா. அடுத்து லெவி; 2018 முதல் அதை முதலாளியே கட்டணும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிறகு குடிநுழைவுத் துறையின் விசா. ஆள் வந்ததும் ஃபோமெமா மருத்துவப் பரிசோதனை, தேறினால்தான் பெர்மிட்.

2023 ஜனவரியில், பத்து காஜா எம்.பி. வ. சிவகுமார் மனிதவள அமைச்சராக இருந்தபோது, தாமதத்தைக் குறைக்கத் தளர்வுத் திட்டம் வந்தது. முன்நிபந்தனைகள் தளர்ந்தன, கோட்டா ஒப்புதல் 3 நாளில் கிடைத்தது. மார்ச் 18-இல் விண்ணப்பங்கள் நிறுத்தப்படுவதற்குள் 995,396 இடங்களுக்கு ஒப்புதல். ஆனால், வந்திறங்கிய பலருக்குச் சொன்ன வேலை இல்லை.

கோட்டா வேறு, பெர்மிட் வேறு. ‘அப்ரூவல் வந்துடுச்சு’ன்னு ஏஜெண்டு சொன்னால், எந்தப் படிக்குன்னு கேளுங்க.