காஞ்சிபுரம் இட்லியும் வாசனை எண்ணெய்களும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகும் குடலை இட்லிக்குப் பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைப்பார்கள். அதில் ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், சுக்கு, கறிவேப்பிலை, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். இது செரிமானத்துக்கு நல்லது என்போர் அதன் வாசனை எண்ணெய்களைக் காரணம் காட்டுவதுண்டு. அந்தப் பெருமையில் பெரும்பங்கு எண்ணெய்க்கு உரியதன்று. மிளகில் ஆவியாகும் எண்ணெய் சுமார் 2 முதல் 4 சதவீதம். காரியோஃபிலின், லிமோனீன், பைனீன் ஆகியவை அதன் மணத்துக்குக் காரணம். காரம் தரும் பைப்பரினோ ஆவியாவதில்லை. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் மஞ்சளின் குர்குமினை உடல் கூடுதலாக ஏற்கச் செய்ததாகக் கண்டது 20 மில்லிகிராம் பைப்பரினைத்தான், மிளகெண்ணெயை அல்ல. சுக்கிலும் இப்படியே: மணம் சிஞ்சிபெரீனுடையது, உறைப்போ இஞ்சி காயும்போது ஜிஞ்சராலிலிருந்து உண்டாகும் ஷோகாலுடையது.

அளவையும் பார்க்க வேண்டும். ஒருவர் தின்னும் துண்டில் ஒரு கிராம் மிளகு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எண்ணெய் 20 முதல் 40 மில்லிகிராம்தான். குடல் எரிச்சல் நோய்க்குப் பயன் தருவதாகச் சோதனைகளில் தெரிந்த புதினா எண்ணெய் மாத்திரை ஒன்றிலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. போதாக்குறைக்கு, வாசனை எண்ணெயை வடித்தெடுக்கும் வழியே நீராவிதான். இட்லி வேகும்போது தெருவரை வரும் மணம், குடலையை விட்டுப் போன எண்ணெய். நெய் அதைப் பிடித்துவைக்காதா என்று கேட்கலாம். கொஞ்சம் பிடித்துவைக்கும், உடைத்த மிளகு தூளைவிட மெதுவாகவே மணத்தை இழக்கும். ஆறிய இட்லியைப் பிட்டாலும் சீரகம் மணப்பது அதனால்தான். ஆனால் மணக்கும் அளவு வேறு, மருந்தாகும் அளவு வேறு.

இட்லி சில நாள் கெடாமலிருப்பதை வலுவான மறுப்பாகச் சொல்வார்கள். சீரகத்தின் குமினால்டிஹைடு ஆய்வகத் தட்டில் கிருமிகளைத் தடுப்பது மெய்யே. உணவில் மாவும் கொழுப்பும் எண்ணெயைத் தம்மிடம் இழுத்துக்கொள்வதால் அந்த வீரியம் குறைந்துவிடுகிறது. புளிப்பில் உண்டாகும் லாக்டிக் அமிலமும் நெடுநேர வேக்காடுமே இங்கே முதற்காவல். ஆய்வகத்தில் கண்டதை உணவுக்கு ஏற்றிச் சொல்வது இங்கே மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் மிளகின் உறவான பைப்பர் கினீன்ஸேயும் சைலோப்பியா என்ற வாசனைக் காயும் சேர்த்த காரச் சூப்பைப் பிரசவித்த பெண்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. நம் பிரசவ லேகியத்தைப் போன்ற வழக்கம் அது. அந்தச் சரக்குகளின் எண்ணெய்களைப் பற்றியும் பேசப்படுவது பெரும்பாலும் தட்டிலும் எலியிலும் கண்டதே.

எண்ணெய்க்கு வேலையே இல்லை என்பதன்று. கிராம்பின் யூஜினாலைப் பல் மருத்துவம் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்து இன்றும் பயன்படுத்துகிறது. செறிவும் இடமும் வரையறுக்கப்பட்டதால் அது மருந்தாகிறது. செறிவு கூடினால் நஞ்சுமாகும். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் சிட்டிகை பச்சைக் கற்பூரம் மணம் சேர்க்கும்; கற்பூரத்தைக் குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். புட்டியில் விற்கும் செறிந்த எண்ணெய்களைக் கோயில் பிரசாதத்தின் பெயரைச் சொல்லிக் குடிக்கத் தருவது அதனால் பொருந்தாது.