கிரப் ஸ்ட்ரீட்

லண்டனில், செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயப் பங்கில், மூர்ஃபீல்ட்ஸ் அருகே இருந்த தெரு. கூலிக்கு எழுதுவோரையும் அவர்கள் அவசரத்தில் எழுதித் தள்ளிய மட்டமான நூல்களையும் குறிக்கும் வழக்காக ஆங்கிலத்தில் நிலைத்த பெயர். பெரும்பாலும் ஏச்சாகவே வழங்கும்.

பெயர்க்காரணம் உறுதிப்படவில்லை. பள்ளம் அல்லது வாய்க்கால் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பர். ஆட்பெயர் என்பாரும் உளர். முதலில் இங்கு வில், அம்பு, நாண் செய்வோர் வாழ்ந்தனர். வில்வித்தை மங்கியபின் சூதாட்ட விடுதிகள் பெருகியதை ஜான் ஸ்டோ 1598இல் வெளியிட்ட லண்டன் நூலில் குறிக்கிறார். ஹென்றி வெல்பி என்ற செல்வர், தம்பி தம்மைக் கொல்ல முயன்ற அதிர்ச்சியில், 1636இல் இறக்கும்வரை 44 ஆண்டுகள் இத்தெரு வீட்டில் எவர் கண்ணிலும் படாமல் வாழ்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. அதையும் ஒரு துண்டுப் பிரசுரம்தான் பரப்பியது.

தெருப்பெயரை இழிந்த எழுத்துக்கு ஆகுபெயராக முதலில் ஆண்டவர்களுள் ஒருவராக, தேம்ஸ் நதிப் படகோட்டியும் கவிஞருமான ஜான் டெய்லர் சுட்டப்படுகிறார்.

அச்சுக்கு முன்அனுமதி கோரிய சட்டம் 1695இல் காலாவதியானதும் செய்தித்தாள்களும் பிரசுரங்களும் பெருகின. பதிப்பாளர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. படித்து வேலையற்றவர்கள் தாள் கணக்கில் கூலி பெற்று மொழிபெயர்த்தனர், சுருக்கினர், வசைபாடினர். எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் தம் மொழிபெயர்ப்பாளர்களை விடுதியொன்றில் ஒரே கட்டிலில் மூவராகப் படுக்கவைத்தாராம். 1712இல் செய்தித்தாள்களுக்கு விதிக்கப்பட்ட முத்திரை வரியால் பல இதழ்கள் நின்றுபோயின. கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் ‘டன்சியட்’ (1728) என்ற அங்கதக் கவிதை இக்கூலி எழுத்தாளர் கூட்டத்தைக் கேலிப்பொருளாக்கியது. கிரப் ஸ்ட்ரீட்டின் குரல் என்று பாசாங்கு செய்து அதையே நையாண்டி செய்த ‘கிரப் ஸ்ட்ரீட் ஜர்னல்’ வார இதழ் 1730 முதல் 1737 வரை வெளிவந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான ஜான் மார்ட்டின் தாவரவியலாளர். பின்னர் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில் இத்தெருவுக்கும் இடமளித்தார். அங்கு வாழ்வோர் வரிசையில் சில்லறை வரலாறு எழுதுவோரோடு அகராதி தொகுப்போரையும் சேர்த்துக்கொண்டார். அகராதிப் பணி நடந்ததோ ஃப்ளீட் ஸ்ட்ரீட்டை ஒட்டிய கஃப் சதுக்கத்தில். கூலி எழுத்தாளர்களுள் எத்தனை பேர் உண்மையில் இத்தெருவில் குடியிருந்தனர் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

1830இல் தெருவுக்கு மில்டன் ஸ்ட்ரீட் எனப் பெயர் மாறியது. கவிஞர் மில்டனின் நினைவாக என்பது பொதுவான எண்ணம். அவர் அடக்கமானதும் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தில்தான். இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த மில்டன் என்ற கட்டுமானக்காரரின் பெயர் என்போரும் உளர்.

தெரு பெயரிழந்தும் வழக்கு மறையவில்லை. ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’ நாவல் 1891இல் வந்தது. அதில் வரும் எட்வின் ரியர்டன், வாடகை நூலகங்கள் விரும்பிய மூன்று தொகுதி அளவுக்கு எழுத்தை இழுக்கத் திணறி நொடித்துப்போகிறார். அந்நாவலும் மூன்று தொகுதிகளாகவே வெளியாயிற்று. கிஸ்ஸிங் அதன் முழு உரிமையையும் 150 பவுனுக்கு விற்றார்.

20ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பாரிஸின் ஏழை எழுத்தாளர்களுக்கு இப்பெயரைப் பொருத்தினார். பழைய தெருவின் ஒரு பகுதி பார்பிகன் குடியிருப்பு எழுந்தபோது மறைந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் எழுத்துப் பயிற்சி மையம் ஒன்றும் ‘நியூயார்க்’ இதழின் உணவுப் பகுதியும் இப்பெயரைத் தாங்குகின்றன.