குடத்துக்குள் இல்லாத பேர்

புதுசா வாடகை வீடு எடுத்திருக்கிற ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "கிச்சனுக்கு முதல்ல என்னென்ன சாமான் வாங்கணும்? இதுக்கெல்லாம் வரலாறுன்னு ஏதாவது இருக்கா?" இருக்கு. அதைச் சொல்லணும்னா உத்திரமேரூர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, இன்னொன்று 921. குடவோலை முறைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. அதில் நாம அதிகம் யோசிக்காத ஒரு விஷயம்: அந்தத் தேர்தலோட மெஷின், வீட்டில் தண்ணி பிடிச்சு வைக்கிற குடம்.

ஊர் 30 குடும்புகளா, அதாவது வார்டுகளா, பிரிஞ்சிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவங்க பேரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். வயதில் மூத்த நம்பி ஒருவர் அந்தக் குடத்தை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டணும். உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரே ஒரு ஓலையை எடுக்கணும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில் வாங்கணும். கையில் வேற ஓலையை ஒளிச்சு வைக்கக் கூடாதில்லையா!

இந்த வேலைக்குக் குடத்தை விடப் பொருத்தமான பாத்திரம் எனக்குத் தோணலை. வயிறு பெரிசு, வாய் குறுகல். தண்ணி தளும்பாம இடுப்பில் வெச்சுத் தூக்கிட்டு வரத்தான் அந்த அமைப்பு. அதே அமைப்புனால கை உள்ளே போகும், கண் போகாது.

சரி, அந்த ஓலைகள்ல யாரோட பேர்? கால் வேலி வரி கட்டுற நிலம் இருக்கணும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கணும். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேதம் படிச்சிருக்கணும். பொறுப்பில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்களுக்கும், அவங்க உறவுக்காரங்களுக்கும் இடமில்லை. இந்தக் கடைசி விதியை இன்னைக்கும் வெச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா நிலமில்லாதவங்க இந்தப் பட்டியல்ல கிடையாது. தினமும் குடத்தைத் தூக்கின பெண்ணும் கிடையாது.

ஊரில் ஏரி வாரியம் இருந்தது, தோட்ட வாரியம் இருந்தது. ஏரித் தண்ணியில் நெல் விளைஞ்சது. விளைஞ்ச நெல்லை உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைச்சு, திரும்பவும் குத்தி அரிசியாக்கணும். மசாலாவுக்கு அம்மி, மாவுக்கு ஆட்டுக்கல், பருப்பு உடைக்கத் திருகை. ரைஸ் மில் வர்ற வரைக்கும் நம்ம ஊர்ச் சமையலறையின் "அத்தியாவசியச் சாமான்" பட்டியல்ல பாதிக்கு மேல் கல்லும் கட்டையும்தான். ஒவ்வொண்ணும் ஒருத்தரோட தோள்பட்டையைக் கேட்கும். ஏரியைப் பார்த்துக்க ஆறு பேர் கொண்ட வாரியம் போட்ட ஊரில், உரலைப் பற்றி யாரும் கூடிப் பேசினதா அந்தச் சுவரில் எதுவும் இல்லை.

பாத்திரம் மாறின கதை இதை விட வேகமா நடந்தது. பித்தளையில் புளிக்குழம்பு வைக்கணும்னா உள்ளே ஈயம் பூசணும். பூச்சு தேயத் தேய ஆளைக் கூப்பிட்டுத் திரும்பவும் பூசணும். 1898-ல் சென்னைக் கலைப் பள்ளியில் (இன்றைய கவின் கலைக் கல்லூரி) ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியத்தில் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சார். 1900-ல் அதுக்குன்னு ஒரு கம்பெனியே வந்தது. எடை குறைவு, விலை குறைவு, ஈயமும் வேண்டாம். அப்புறம் எவர்சில்வர். சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு போட ஆரம்பிச்ச பிறகு "சேலம் ஸ்டீல்" என்பதே ஒரு தர முத்திரை ஆகிவிட்டது. பழைய துணியைக் கொடுத்து எவர்சில்வர் கிண்ணம் வாங்கின கதையை உங்க பாட்டிகிட்ட கேளுங்க. பெண்ணோட பேரைப் புள்ளி புள்ளியா வெட்டின சீர்ப் பாத்திரம் இன்னும் பல வீட்டுப் பரண்ல இருக்கும். அவசரத்துக்கு அதுதான் அடகுக்கடைக்கும் போகும்.

ஆனா அலுமினியமோ எவர்சில்வரோ ஆட்டுக்கல்லைத் தொடலை. கரண்ட் கிரைண்டர் வந்தும், காசு இருந்த வீட்டுக்குத்தான் முதலில் போனது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு அரிசி கார்டு வீடுகளுக்கு இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்தது. அன்னைக்கு அண்ணா பிறந்த நாள்; அவரும் காஞ்சிபுரத்துக்காரர்தான். இந்த வாக்குறுதி லஞ்சமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படிச் சொல்வது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-ல் தீர்ப்பு வந்தது.

சிட்டியில் உட்கார்ந்து "ஓசி மிக்ஸி"ன்னு மீம் போட்டவங்க நிறைய பேர். அரசாங்கப் பணத்தை எப்படிச் செலவழிக்கணும்னு தாராளமா சண்டை போடலாம். நான் கேட்கிறது வேற: ஏரிக்கு மதகு வெச்சா அது பொதுப்பணி, ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வெச்சா அது மட்டும் எப்படி ஓசி ஆகுது? தினமும் ஒரு மணி நேரம் மாவாட்டின கை யாரோடதுன்னு பார்த்தா எனக்கு விடை கிடைச்சிடுது.

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1992-ல் சொல்லின. தமிழ்நாடு அதை 2016-ல் பாதியாக்கியது. உத்திரமேரூர் இன்னைக்கு ஒரு பேரூராட்சி. அங்கேயும் அதே கணக்குதான்.

அந்த ஏரி வாரியம் என்னதான் வேலை பார்த்ததுன்னு அடுத்த எபிசோடில் பேசுவோம்.