மனாவுஸ் மாட்டுப் பண்ணைகளில் திரும்பிய காடு

பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இன்று இளங்காடாக நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி, 1980களின் தொடக்கத்தில் மாட்டுப் பண்ணை. 1967இல் மனாவுஸைத் தடையற்ற வணிக மண்டலமாக்கிய அரசு, அதை நடத்த சுஃப்ராமா என்ற அமைப்பை நிறுவியது. போவா விஸ்தா நகருக்குச் சாலை போடப்பட்டபின் டிமோனா, எஸ்தெயோ, போர்த்தோ அலெக்ரே போன்ற பண்ணைகள் அந்த மண்டலத்தின் வரிச்சலுகையின் துணையோடு எழுந்தன.

மழை குறைந்த மாதங்களில் மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். காய்ந்ததும் தீ வைத்து, சாம்பல்மேல் ஆப்பிரிக்கப் புல் விதைப்பார்கள். சாம்பல் சத்து தீரும்வரை புல் செழிக்கும். பிறகு களை மண்டும். களையை அடக்க மறுபடியும் தீ. மாட்டைவிடச் சலுகையை நம்பி நடந்த தொழில் என்பதால், சலுகை சுருங்கியதும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன.

விட்டுப்போன நிலமெங்கும் ஒரே மாதிரிக் காடு முளைக்கவில்லை. வெட்டியதோடு நின்று, மழை முந்திக்கொண்டதால் எரிக்கப்படாத இடங்களில் செக்ரோப்பியா மரங்கள் எழுந்தன. இவற்றின் பொடி விதைகள் வௌவால், பறவை எச்சத்தோடு விழுந்து காட்டு மண்ணில் உறங்கிக் கிடப்பவை. மேலே உள்ள இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், நிழலில் கிடக்கும் விதைக்கு அகச்சிவப்பை ஒட்டிய ஒளியே மிகுதியாகக் கிட்டும். அந்த ஒளியில் விதை விழிக்காது. மரம் சாய்ந்து நேர்வெயில் பட்டதும் முளைவிடும். பெருமரங்கள் பலவற்றின் பருத்த விதைகளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. விழுந்த சில வாரங்களில் முளைக்கும் அல்லது அழுகும். ஆகவே மண்ணில் சேர்ந்திருப்பது பழைய காட்டின் முழு இருப்பு அல்ல, முன்னோடி மரங்களின் இருப்பு மட்டுமே.

ஆண்டுக்கணக்கில் மேய்த்து, திரும்பத் திரும்ப எரித்த நிலத்தில் அந்த இருப்பும் தீய்ந்துபோனது. அங்கே விஸ்மியா ஆட்சி பிடித்தது. கீறினால் ஆரஞ்சு நிறப் பால் வடியும் சிறு மரம் இது. தீயில் கருகினாலும் வேரிலிருந்தும் அடிக்கட்டையிலிருந்தும் துளிர்த்துவிடும். செக்ரோப்பியா நிழலில் பலவகைக் கன்றுகள் வளர, விஸ்மியா நிழலில் பெரும்பாலும் விஸ்மியாவே வளர்ந்ததை ரீட்டா மெஸ்கீட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்டனர். நிலத்தின் பழைய தீக்கணக்கு, இருபதாண்டுக்குப் பின் அங்கே நிற்கும் மரத்தில் தெரிந்தது.

ஆய்வாளர்கள் முதலில் அந்தப் பண்ணைகளுக்குப் போனதற்குக் காரணம் வேறு. பண்ணையாளர் நிலத்தில் பாதியைக் காடாக விடவேண்டும் என்பது அன்றைய சட்டம். அப்படி விடும் காட்டை 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளாக விடச் செய்து, சிறு காட்டில் உயிரினங்கள் எப்படி அருகுகின்றன என்று பார்க்க, தாமஸ் லவ்ஜாய் 1979இல் பிரேசிலின் அமேசான் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார். சுற்றியிருந்த மேய்ச்சல் நிலம் அவர்கள் கணக்கிலேயே இல்லை. அதுவோ காடாகி, தனித்தனித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கிவிட்டது. துண்டுகள் தனித்து நிற்க, ஒவ்வொன்றையும் சுற்றி நூறு மீட்டர் அகல வளையத்தை ஆய்வாளர்கள் பலமுறை வெட்ட வேண்டியிருந்தது.