முசலிக் கரையில் தவக்குல்

ஆண்டவன்மீது பாரத்தைப் போட்டுவிடு என்ற தவக்குலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், அநியாயத்துக்கும் தலையாட்டப் பழகிவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. மன்னார் மாவட்டத்து முசலிப் பிரிவின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், சுறாவைக் கட்டிப்போடுவார் என்று நம்பப்பட்ட கடல்கட்டி மந்திரம் ஓதாமல் குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்க மறுத்தார்கள். அவருக்குக் கூலி கொடுத்தது பிரித்தானிய அரசாங்கம். ஆனாலும் கல்லில் கால் வைத்துக் கீழே போகிறவனுக்காக, தோணியில் ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தால் உடனே இழுக்க வேண்டும். மந்திரம் அந்தக் கயிற்றுக்குப் பதிலாக வந்ததல்ல. நம்பிக்கையும் கைவேலையும் ஒரே தோணியில் இருந்தன.

இந்தப் பழக்கத்துக்குக் கடுஞ்சோதனை வந்தது 1990 ஒக்டோபரில். விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரை இழந்தார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, கொண்டச்சி என்று முசலியின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அந்த முகாம்களிலும் குர்ஆன் மத்ரஸா நின்றுவிடவில்லை. பிள்ளைகள் அலிப், பே ஓதினார்கள், நபிமார் கதைகளைக் கேட்டார்கள். அவற்றில் யூஸுப் நபியின் கதைதான் இங்கே முக்கியம். குர்ஆனின் 12ஆவது அத்தியாயம் முழுவதும், 111 வசனங்களில், பெரும்பாலும் அந்த ஒரு கதையையே சொல்கிறது. கூடப் பிறந்தவர்களே கிணற்றில் போட்ட பிள்ளையின் கதை அது. ஒரே மொழி பேசிய அயலவர்களால் துரத்தப்பட்ட பிள்ளைக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியிருந்திருக்காது. தகப்பன் யஃகூப் நபி அழுதழுது கண்பார்வையை இழக்கிறார். ஆகவே அழுவது நம்பிக்கைக் குறைவல்ல. அவரே பிள்ளைகளிடம் போய் யூஸுபைத் தேடுங்கள், நிராசை அடையாதீர்கள் என்கிறார்; ஆகவே தேடாமல் இருப்பது தவக்குல் அல்ல. சகோதரர்களின் குற்றத்தையும் கதை மூடி மறைக்கவில்லை. அவர்கள் அதை ஒப்புக்கொண்ட பிறகே மன்னிப்பு வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வை நம்பு என்ற, திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் பதிவான நபிமொழியும் இதே பாடந்தான்.

கதைகள் ஆறுதல் தரும், நிலத்தை மீட்டுத் தருமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போர் முடிந்து 2009க்குப் பின் திரும்பியவர்களை, வளவுகளை மூடி வளர்ந்திருந்த காடு எதிர்கொண்டது. 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானிகள் அந்தக் காட்டை வன ஒதுக்கமாக்கின. காடு காக்கப்பட வேண்டியதே. ஆனால் துரத்தப்பட்டவன் இல்லாத காலத்தில் வளர்ந்த மரத்தைக் காட்டி அவனை அத்துமீறியவன் என்பது எப்படி நீதியாகும்? 2017இல் மறிச்சுக்கட்டி மக்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். முகாம் மத்ரஸாக்களில் ஓதிய தலைமுறை அப்போது வளர்ந்து ஆளாகியிருந்தது. அதே பிரிவின் கத்தோலிக்க ஊரான முள்ளிக்குளம் 2007இல் வெளியேற்றப்பட்டு, கடற்படையின் கையில் இருந்தது. அந்த மக்களும் 2017இல் வீதியோரம் அமர்ந்தார்கள். ஏப்ரல் முடிவில் ஒரு பகுதி நிலத்தை விடுவதாகக் கடற்படை அறிவித்தது. இரண்டு வேதங்களின் பிள்ளைகளையும் பக்தி வீட்டில் முடக்கிப் போடவில்லை.

புத்தளத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம் என்பது மற்றொரு மறுப்பு. திரும்பாதவர்களிடம் இந்தப் பாடம் தோற்றுவிட்டதென்று ஆகுமா? யூஸுப் நபியின் கதையில் சொந்த ஊரான கன்ஆனுக்குத் திரும்பிக் குடியேறியவர் எவருமில்லை. தகப்பனும் சகோதரர்களும்தான் மிஸ்ர் எனும் எகிப்துக்கு வந்து அவரோடு சேர்ந்தார்கள்.