பேரீச்சை, தென்னை, பனை: எந்த நார் எதற்கு?

பேரீச்சம்பழ அறுவடை முடிந்ததும் அமீரகத்துச் சாலையோர மரங்களில் காய்ந்த ஓலைகளைக் கழிக்கிறார்கள். அப்போது அடியில் குவியும் பழுப்பு நிற வலையைப் பார்த்தால் நமக்கு ஊர்ப் பன்னாடைதான் நினைவுக்கு வரும். அரபியில் அதை ‘லீஃப்’ என்பார்கள். பேரீச்சை, தென்னை, பனை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் நார் கிடைக்கும் இடம், அளவு, தரம் மூன்றும் வேறு வேறு.

தென்னை: நார் காயின் மட்டையில் இருக்கிறது. 1000 மட்டைக்குச் சுமார் 80 கிலோ கிடைக்கும். மரம் ஆண்டு முழுவதும் காய்ப்பதால் வரத்தும் தடைபடாது. இந்த நாரில் லிக்னின் என்னும் பொருள் ஏறத்தாழ 40 சதவீதம் உள்ளது. அதனால் கடல்நீரிலும் எளிதில் மட்காது. இழுத்தால் அறுந்துவிடாமல் நீண்டு கொடுக்கும்.

பனை: ஓலை மட்டையின் அடிப்பகுதியை அடித்துத் தும்பு எடுக்கிறார்கள். கைவேலை அதிகம், வரத்து குறைவு. ஆனால் விறைப்பில் இதுதான் முதலிடம். தூரிகை, துடைப்பம் செய்வதற்காகத் தூத்துக்குடி வழியே வெளிநாடுகளுக்குப் போனது இந்தத் தும்புதான்.

பேரீச்சை: ஓலையின் அடியுறை மரத்தைச் சுற்றி வலைபோல் படிகிறது. ஒரு மரம் ஆண்டுக்குப் பத்து, இருபது ஓலை விடும் என்பதால் கழிக்கும்போதெல்லாம் நார் செலவின்றிக் கிடைக்கிறது. ஆனால் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும், தடிமனும் சீராக இராது. கயிறு, மரமேறும் வடம், தேய்க்கும் நார் ஆகியவற்றுக்கு இது போதும்.

இந்த வேறுபாடு வளைகுடா மாலுமிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சுற்றிலும் பேரீச்சைத் தோப்புகள் இருந்தும், ஆணியின்றிக் கப்பல் பலகைகளைத் தைக்க அவர்கள் தேங்காய் நார்க் கயிற்றையே நாடினார்கள். ஹோர்முஸில் கண்ட இத்தகைய கப்பல்களை மார்க்கோ போலோ குறிப்பிட்டிருக்கிறார். டிம் செவரின் ஓமானின் சூர் நகரில் கட்டிய ‘சொஹார்’ கப்பலும் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டதே. 1980இல் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அது, மறு ஆண்டு சீனாவின் கான்டனை அடைந்தது.

பேரீச்சை சார்ந்த அறிவையும் கைவினைகளையும் யுனெஸ்கோ 2019இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமீரகம் உட்பட 14 அரபு நாடுகள் சேர்ந்து கேட்டுப் பெற்றவை இந்த இடம். நம் ஊரில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மரத்துக்குக் காவல் கிடைத்தது நல்லதே. தும்படிக்கும் தொழிலையும் அதோடு சேர்த்துக் காத்தால்தான் பனை நார் நமக்குத் தொடர்ந்து கிடைக்கும்.